வாசலில் நின்ற புல்

பெற்ற பிள்ளைக்குக் கார் பழக்குவதைப் போல இரத்தக் கொதிப்பை ஏற்றும் வேலை உலகத்தில் வேறு கிடையாது. நீங்களும் பழக்கியிருந்தால் தெரியும். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே எனக்குக் கால் வீங்கிவிட்டது. போன சனிக்கிழமை காலை ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் ஒரு சரிவான தெருவுக்குள் மகளைத் திருப்பச் சொன்னேன். சந்தடி இல்லாத தெரு. அவள் பிறந்தபோது நாங்கள் வாடகைக்குக் குடியிருந்ததும் அங்கேதான். பாதித் தூரம் போயிருப்போம், "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பிரேக்கை ஓங்கி மிதிக்க, இரண்டு பேருக்கும் தலை கண்ணாடியில் முட்டாத குறை.

"வாட், அப்பா? பூனையா?"

"பூனை இல்லை. வீட்டைக் காணேல்லை."

உண்மையாகவே காணவில்லை. வீடு நின்ற இடத்தில் வெறும் மண். சுற்றிவர ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலை, உள்ளே மண் கிண்டும் பெக்கோ ஒன்று, மூன்று மாடி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதாகப் படம் போட்ட ஒரு பலகை. தபால் பெட்டி இருந்த மூலையில் மட்டும் பழைய மண் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கறுப்பும் சிவப்புமான எரிமலைக் கற்களைக் குவித்து விட்டிருந்தார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே, நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு புல்லுக் குவியல், கவிழ்த்து வைத்த சின்னப் பனையோலைக் கடகம் மாதிரி.

வலையைத் தாண்டி உள்ளே போனேன். வயதுக்கு மீறிய வேலைதான். பிடித்து இழுத்ததும் சுருக்கென்று விரலில் குத்தியது. இந்தப் புல்லின் இலை இலையே இல்லை, ஊசி. வேரோடு வந்ததும் ஒரு மணம் அடித்தது பாருங்கள், வெயிலில் காய்ந்த வைக்கோலும் சுட்ட கல்லும் சேர்ந்த மணம். மகளின் கார் புதிது, ஊத்தையாக்கினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆகவே வேரைக் கல்லில் நன்றாக அடித்து, மண்ணையெல்லாம் உதறி, பழைய பேப்பரில் சுற்றிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தேன்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் கிராஸ்," என்றாள் மகள்.

வெறும் புல்லுத்தான். அந்தப் புல்லால் அவள் பிறப்பதற்கு முன்பே நானும் மனைவியும் என் அக்காவுமாக மூன்று பேரும் நடுத்தெருவுக்கு வர இருந்தோம்.

அந்த நாளில் எனக்கு மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. மனைவி வசந்திக்கு எட்டாம் மாதம். அதற்கு முன்பிருந்த வீட்டை விற்கிறோம் என்று எழுப்பிவிட்டார்கள். வாடகை வீடு தேடுவது என்றால் என்ன என்று ஆக்லாந்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் அங்கே கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசை. நாங்கள் மூன்றுபேர், நாலாவது வயிற்றில், அதுவும் தாளிக்கிற ஆட்கள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள். கடைசியில் டோரதி என்ற வயதான மனிசி, வசந்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, தான் வாழ்ந்த வீட்டை எங்களுக்குத் தந்தார். அவர் அதற்குள் துணை யாருமில்லாத தனிக்கட்டையாக ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போயிருந்தார்.

சாவியைத் தரும்போது ஒரேயொரு நிபந்தனை சொன்னார். வீட்டுக்குள் என்னவும் செய்யலாம், முன்னுக்கு இருக்கிற கற்தோட்டத்தைத் தொடக்கூடாது. தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. தானே வந்து பார்த்துக்கொள்வாராம். தொட்டால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார், அதைச் சிரிக்காமல் சொன்னார். தோட்டத்தைத் தொடாதே என்றால் என்னைப் போலச் சந்தோஷப்படுகிற சோம்பேறி கிடையாது. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

தோட்டம் என்று அவர் சொன்னது இதைத்தான்: நாலைந்து வண்டி எரிமலைக் கல், கல்லுக்குக் கல் இடையில் இந்தப் புல்லு. இங்கே டஸ்ஸக் என்பார்கள். தெற்குத் தீவில் மழையே எட்டிப் பார்க்காத கல்மலைகளில் தானாக வளர்கிறது. டோரதியின் கணவர் கென், அந்தப் பக்கம் ரோட்டு அளக்கிற வேலையில் இருந்தபோது ஆசைப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவந்து வளர்த்தாராம். எரிந்த கல்லில், பிடி மண்ணில், தண்ணீர் இல்லாமல் அது பாட்டுக்கு வட்டமாகப் பொங்கிக்கொண்டு நிற்கும். எனக்கு அதில் வடிவு ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அக்கா. வசந்தியின் பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காவைக் கூப்பிட்டிருந்தோம். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி எல்லாம் குறைவில்லாமல் வந்து இறங்கினாள். ஆனால் அத்தான் இல்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அரிசி வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் போனவர், சைக்கிளும் வரவில்லை அவரும் வரவில்லை. அக்கா ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. ஓய்ந்து ஊருக்குத் திரும்பிப் போனபோது, அவளுடைய வீட்டு முற்றத்தில் இடுப்பளவு புல்லு. கதவு நிலைவரைக்கும் ஏறி நின்றதாம். அதை வெட்டி முடிய நாள்கணக்கானது என்பாள். மற்ற எதைப் பற்றியும் கதைக்க மாட்டாள், அந்தப் புல்லைப் பற்றி மட்டும் கதைப்பாள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் நான் அவளுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தேன், "அக்கா, முன்பக்கத் தோட்டத்தில கை வைக்காதேயுங்கோ, மனிசிக்குப் பிடிக்காது" என்று. அவளும் "ஓம் ஓம், எனக்கேன் அது" என்றாள்.

டோரதி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற நாள் வந்தது. இங்கே வாடகை வீட்டை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று இடைக்கிடை வந்து பார்ப்பார்கள். பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் வசந்தியை மருத்துவிச்சியிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்தோம். காரைத் திருப்பும்போதே வசந்தி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. இது எங்கட வீடுதானே?"

வாசல் பளிச்சென்று இருந்தது. ஒரு புல்லு இல்லை. கற்களைக் கழுவி, பெரிது சிறிதாக அடுக்கி, மண்ணைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோயில் வீதி மாதிரி வைத்திருந்தாள் அக்கா. நடுவில் ஒரேயொரு செடி மட்டும் நின்றது. மஞ்சள் பூப் பூக்கிற களை, இந்த ஊரில் மருந்தடித்துக் கொல்லுகிற களை, அதற்குத் தடி ஊன்றிக் கட்டிவிட்டிருந்தாள். தானும் முழுகி, திருநீறு பூசி, படியில் நின்று எங்கள் முகத்தையே பார்த்தாள்.

"எப்பிடி? இப்பதான் ஆக்கள் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கு."

"அக்கா... அந்தப் புல்லு?"

"அதை ஏன் கேக்கிறாய். கையெல்லாம் கிழிச்சுப்போட்டுது, அறுவான் புல்லு. எண்டாலும் ஒண்டையும் விடேல்லை."

"தோட்டத்தில கை வைக்காதேயுங்கோ எண்டு சொன்னனான் எல்லே!"

"தோட்டத்தில ஆர் கை வைச்சது? பூமரத்துக்குத் தடியும் கட்டி விட்டிருக்கிறன். புல்லைத்தானே புடுங்கினனான். மனிசி வரப்போறா எண்டு நீதான் சொன்னனி. வாசல் முட்டப் புல்லு நிண்டா, ஆக்களில்லாத வீடெண்டு நினைக்க மாட்டாவே?"

புல்லை யாராவது காசு கொடுத்து, கல்லுச் சுமந்து, ஆசையாக வளர்ப்பார்கள் என்று எங்கள் ஊரில் போய்ச் சொன்னால் நம்புவார்களா? புல்லு மாட்டுக்கு, ஆட்டுக்கு. மனிசர் வாசலில் புல்லு நிற்கிறதென்றால் அந்த வீட்டுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பொருள். அக்கா எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் வசந்தி படியிலே தொப்பென்று இருந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இனி எங்க போறது? பிள்ளையை எங்க கொண்டுபோய்ப் பெறுறது?" என்று அழத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அக்காவுக்கு நடந்தது விளங்கியது. முகம் செத்துப்போனது.

பிடுங்கின புல்லெல்லாம் கராஜுக்குப் பின்னால் கொதிக்கிற வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. கொளுத்துவதற்காகப் பரப்பி விட்டிருந்தாள், நல்லகாலம் நெருப்புப் பெட்டி கண்ணில் படவில்லை. நானும் அக்காவும் கையில் அள்ளி அள்ளிக் கொண்டு ஓடினோம். எது எங்கே நின்றது? வாரக்கணக்கில் அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன், ஒன்றாவது ஞாபகம் இருக்க வேண்டுமே! கண்டபடி குழி தோண்டி, நட்டு, காலால் மிதித்தேன். வியர்வை கண்ணுக்குள் போய் எரிந்தது. ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாளியோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றக்கூடாது என்ற சட்டம் எனக்கு நினைவுக்கு வந்தபோது வாசல் வயல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் பார்த்தாள். "விசரா உங்களுக்கு? என்ன இது, வெங்காயப் பாத்தியோ?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரே வரிசை, ஒரே இடைவெளி, நூல் பிடித்த மாதிரி. எங்கள் ஐயா வெங்காயம் நட்ட கை எனக்கும் வந்திருக்கிறது. மறுபடி பிடுங்குவோமா என்று யோசிக்கவும் நேரமில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே டோரதியின் கார் வந்து நின்றது.

அவர் இறங்கினார். வாசலில் நின்றார். பார்த்தார். அந்த முகத்தில் இரத்தமே இல்லை. நான் சேற்றுக் கையோடு முன்னுக்குப் போய், "ஒரு நாய் வந்து..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். எங்கள் வீட்டிலும் நாய் இல்லை, வரிசையாக வெங்காயம் நடுகிற நாய் அந்தத் தெருவிலும் இல்லை. அதற்குள் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கிழிந்துபோன இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, "மீ" என்றாள். "தம்பி இல்லை. மீ."

டோரதி கையைப் பார்க்கவில்லை. முழங்காலை ஊன்றி இருந்து, ஈர மண்ணை அளைந்தார்.

"மண் எங்கே?" என்று கேட்டார். "மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள்?"

புல்லைப் பற்றிக் கேட்பார் என்று நின்ற எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பவும் கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"மண்ணை ஆரும் எறிவினமே?" என்றாள் அக்கா. "ஒவ்வொண்டையும் கல்லில அடிச்சு, மண்ணை அங்கினையே உதறிப்போட்டுத்தானே எடுத்தனான். பிடி மண்ணும் வெளியால போகேல்லை."

செம்மண்ணில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். களையைப் பிடுங்கினாலும் அதன் வேரில் ஒட்டின மண்ணைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வரம்பில் போடுவார்கள். இதை நான் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், டோரதி அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டார். பிறகு, கென் இதற்குள்தான் இருக்கிறார் என்றார். அவருடைய சாம்பலைத் தன் கையாலேயே இந்தப் புல்லின் அடியில் கலந்ததாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"அவவின்ர மனிசன்ர சாம்பலாம் அக்கா. இஞ்சதான் போட்டு வைச்சிருக்கிறாவாம்."

பின்னால் வசந்தி "ஐயோ முருகா" என்று வீட்டுக்குள் ஓடினாள். அக்கா அசையவில்லை. புல்லைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், டோரதியைப் பார்த்தாள். அவளும் மெல்லப் பக்கத்தில் இருந்தாள்.

"குடுத்துவைச்ச மனிசி," என்றாள். "எங்க இருக்கிறார் எண்டு தெரியும்."

அவள் என்ன சொன்னாள் என்று டோரதி கேட்டார். அன்றைக்கு முழுக்க நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு வரியைத்தான். அத்தானைப் பற்றியும் சொன்னேன், சைக்கிளைப் பற்றியும் சொன்னேன். டோரதி அக்காவின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன்.

திரும்பி வந்தபோது இருவரும் என் வெங்காயப் பாத்தியைக் குலைத்துக்கொண்டிருந்தார்கள். கென்னுக்கு நேர்கோடு என்றாலே பிடிக்காதாம், வேலையில் போட்டது போதும் என்பாராம். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல், இது இங்கே, அது அங்கே என்று கையாலேயே கதைத்து நட்டார்கள். வீட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவர் காரில் ஏறும்போது ஓடிப்போய், நாங்கள் இருக்கலாமா என்று கேட்டேன்.

"இருங்கள்," என்றார். "தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்."

வீடு தப்பியது என்று துள்ளிக்கொண்டு உள்ளே போனால், வசந்தி பெட்டி அடுக்குகிறாள்! "சுடலைக்கு மேலயோ குடியிருக்கிறம்? பிள்ளைத்தாச்சி நான். ஒரு நிமிசம் இருக்க மாட்டன்." மத்தியானம் எங்கே போவது என்று அழுதவள், பின்னேரம் எங்கேயாவது போவோம் என்று அழுதாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. அக்காதான் பெட்டியிலிருந்து உடுப்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"ஆள் காணாமல் போன வீட்டில நான் இருந்தனான், வசந்தி. இது ஆள் இருக்கிற வீடு. பயப்பிடாதை பிள்ளை."

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதையில்லை. புல்லில் பாதி பட்டுப்போனது, மிச்சம் பிழைத்தது. மகள் பிறந்தாள். அந்த நாளில் டோரதி வந்தால் இரண்டு பேரும் படியில் இருந்து, வாயே திறக்காமல் தேத்தண்ணி குடிப்பார்கள். அக்கா ஆசையாய்ச் சுட்ட பால்ரொட்டியை டோரதி பிஸ்கட் என்று நினைத்துச் சாப்பிட்டார். பிறகு அக்காவுக்கு இங்கேயே இருக்க விசா கிடைத்தது, பக்குரங்காவில் முதியோர் இல்லமொன்றில் வேலையும் கிடைத்தது. டோரதி செத்துப்போனார். வெளிநாட்டில் இருக்கிற மகன் ஏஜென்ட் மூலமாகவே வீட்டை விற்றார். தோட்டத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்று ஏஜென்டிடம் சொல்லச் சொன்னாள் அக்கா. சொன்னேன். சுவாரசியமான கதை என்று சொல்லிவிட்டு, சாவியை எப்போது தருவீர்கள் என்று கேட்டான். நாங்களும் மோர்ட்கேஜ் எடுத்து வேறு பக்கம் போனோம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பக்குரங்காவில் அக்கா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. கதவைத் திறந்ததும் பேப்பரைப் பிரித்துக் காட்டினேன். பார்த்த உடனேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டை இடித்துவிட்டார்கள், மூலையில் இது ஒன்றுதான் மிச்சம் என்றேன். அவள் அதைத் திருப்பி வேரைப் பார்த்தாள்.

"மண் எங்கயடா?"

"பிள்ளையின்ர கார் ஊத்தையாகும் எண்டு... உதறிப்போட்டன் அக்கா."

சோற்றை இறக்கி வைத்தாள். வாளியை எடுத்தாள். "வா," என்றாள்.

மகள்தான் ஓட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மோட்டர்வேயில் லொறிகளுக்கு நடுவே நெரிபட்டுக்கொண்டு போனோம், அவ்வளவு தூரத்துக்கும் இல்லாத பிரேக்கை நான் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. இன்னும் கெதியாகப் போ, இன்னும் கெதியாகப் போ என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

பெக்கோ வேலை செய்துகொண்டிருந்தது. தபால் பெட்டி மூலையில் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. மஞ்சள் களிமண் தெரியத் தோண்டிய ஆழமான கிடங்கு. ஓட்டுகிற பெடியன் காதிலிருந்த கவசத்தைக் கழற்றினான். இங்கே இருந்த மண் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? இப்பதான் லொறியில் போனது."

"எங்கே?"

தெற்குப் பக்கம் எங்கேயோ கொட்டுவார்கள், எந்த இடம் என்று தனக்குத் தெரியாது என்றான். அவன் மேல் பிழை இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் மெல்ல வந்து அக்காவின் தோளில் கை போட்டாள். என்றைக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுகிறவள், "ஆரைத் தேடுறீங்கள், மாமி?" என்று கேட்டாள்.

அக்கா காரில் ஏறி, வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்குரங்காவுக்குத் திரும்புகிற வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"இனி அந்த மனிசனும் எங்க எண்டு தெரியாத ஆள்தான்."